கசப்பு ஏரியில் காத்திருந்தவர்கள்

கடல் கடந்த நாட்டிலிருந்து வரவேண்டிய பொருள் குறித்த நாளில் வந்து சேரவில்லையென்றால் நாம் முதலில் செய்வது நாள்களை எண்ணுவதுதான். மின்னணுக் கருவி ஒன்றையோ, பழுதுபட்ட வானொலிக்கு ஓர் உதிரிப் பாகத்தையோ, பிள்ளையின் படிப்புக்கென ஒரு கணினியையோ கேட்டுப் பணமும் கட்டியிருப்போம். மூன்று வாரம் என்று சொன்னது ஐந்தாகும், ஐந்து எட்டாகும். 'வழியில் உள்ளது' என்ற ஒரே செய்தி நாள்தோறும் கைப்பேசியில் வந்து நிற்கும். அந்த 'வழி' என்ற சொல்லுக்குள் எத்தனை கடல்கள், எத்தனை நீரிணைகள், எத்தனை மனிதர்கள் அடங்கியிருக்கின்றனர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கும் தேவையும் பெரும்பாலும் நேர்வதில்லை. பொருள் எப்படியோ வந்துவிடுகிறது.

2021ஆம் ஆண்டில் அத்தேவை உலகம் முழுவதற்கும் ஒரே வாரத்தில் நேர்ந்தது. மார்ச் 23ஆம் நாள் காலை, 'எவர் கிவன்' என்னும் சரக்குக் கப்பல் புழுதிக் காற்றுக்கிடையே சூயசுக் கால்வாயின் தென்பகுதியில் திசை தவறி, முகப்பு ஒரு கரையிலும் பின்பகுதி மறுகரையிலுமாகக் குறுக்கே செருகி நின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 400 மீட்டர். மேலே அடுக்கப்பட்டிருந்த சரக்குப் பெட்டகங்கள் ஏறக்குறைய 18,300. சீனத்தின் மின்னணுத் தொழில் நகராகிய சென்சென்னின் யாண்டியன் துறைமுகத்தில் சரக்கேற்றி, மலேசியா வழியாக, நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரை நோக்கி அது சென்றுகொண்டிருந்தது. மலைபோன்ற அக்கப்பலின் மூக்கடியில் நின்று மண்ணைத் தோண்டிய ஒரேயொரு பொக்லைன் இயந்திரத்தின் படத்தை நம்மில் பலரும் பார்த்துச் சிரித்தோம். ஆனால் அந்த வேலைதான் தேவைப்பட்டது. ஏறத்தாழ 30,000 கன மீட்டர் மணலை அகற்றி, பத்துக்கும் மேற்பட்ட இழுவைக் கப்பல்கள் இழுத்தும் தள்ளியும், முழுநிலவையொட்டி உயர்ந்த கடல்நீரின் துணையோடு மார்ச் 29ஆம் நாள் அதனை மிதக்கவிட்டனர். அதற்குள் கால்வாயின் இருமுனைகளிலும் நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வரிசையில் நின்றன.

ஆறு நாள் தடை ஆறு நாளில் தீர்ந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. கப்பல் வணிகத்தில் அது அவ்வாறு தீர்வதில்லை. நின்ற கப்பல்கள் யாவும் ஒரே வாரத்தில் ஐரோப்பியத் துறைமுகங்களுக்குப் போய்ச் சேர்ந்தால், சரக்கிறக்கும் பாரந்தூக்கிகள் போதா. இறக்கிய பெட்டகங்களை வைக்க இடம் போதாது. அவற்றை ஏற்றிச் செல்ல லாரிகள் போதா. அங்கே காலியான பெட்டகங்கள் ஆசியாவுக்குத் திரும்பும் நாளும் தள்ளிப்போகிறது. சீனத்திலிருந்து சென்னைக்கு வரும் பொருள் சூயசைக் கடப்பதேயில்லை. ஆயினும் அதனை அடைக்க வேண்டிய காலிப் பெட்டகம் வேறெங்கோ ஒரு துறைமுகத்தில் சிக்கிக் கிடக்கலாம். பெருந்தொற்றுக் காலத்தில் ஏற்கெனவே உண்டாகியிருந்த பெட்டகத் தட்டுப்பாடும், மின்னணுச் சில்லுகளின் தட்டுப்பாடும் இதனோடு சேர்ந்துகொண்டன. இரண்டு மாதங்களுக்குள் யாண்டியன் துறைமுகமே நோய்த்தொற்றால் வேலை குறைந்து பல நாள் முடங்கியது. அவ்வாண்டில் தம் கருவிக்காகக் காத்திருந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் பலவும் மெய்யாகவே இருந்தன. இங்கிலாந்தில் தோட்டத்தில் வைக்கும் குள்ளர் பொம்மைகளுக்குக்கூடப் பஞ்சம் வந்ததாக நாளேடுகள் எழுதின.

நாம் இங்கே பேச வந்தது அந்த ஆறு நாள்களைப் பற்றியன்று. விடுபட்ட கப்பல் உடனே ராட்டர்டாம் செல்லவில்லை. கால்வாயின் நடுவே விரிந்து கிடக்கும் ஓர் ஏரிக்கு அதனை இழுத்துச் சென்று நங்கூரமிடச் செய்தனர். அங்கே நூறு நாள் நிறுத்திவைத்தனர். அந்த ஏரியின் பெயர் பெருங் கசப்பு ஏரி.

பெயர் பழமையானது, அதிலுள்ள நீர் அவ்வளவு பழமையானதன்று. 1869இல் கால்வாய் திறக்கப்படுவதற்கு முன் அது உப்புப் படிந்த வறண்ட பள்ளமாகவே இருந்தது. கால்வாய் வழியே கடல்நீர் புகுந்து ஏரியானது. அராபிய மொழியில் அதன் பெயரிலுள்ள 'முர்ரா' என்னும் சொல்லும், விடுதலைப் பயண நூலில் குடிக்கவியலாத நீரால் பெயர் பெற்ற 'மாரா' என்னும் இடத்தின் பெயரும் ஒரே வேரினின்று பிறந்தவை. ஒடுங்கிய கால்வாயில் எதிரெதிரே வரும் கப்பல் வரிசைகள் ஒன்றையொன்று விலகிச் செல்வதற்கு இந்த ஏரி இடம் தந்தது. காத்திருப்பதற்கென்றே அமைந்த இடம் என்று இதனைச் சொல்லலாம். ஆனால் 1967இல் அங்கே காத்திருக்க நேர்ந்தவர்களைப்போல் வேறெவரும் காத்திருந்ததில்லை.

அவ்வாண்டு சூன் 5ஆம் நாள் காலை, பதினான்கு கப்பல்கள் வரிசையாக வடக்கு நோக்கிக் கால்வாயில் சென்றுகொண்டிருந்தன. ஆசியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஐரோப்பாவுக்குச் சரக்கு கொண்டு சென்ற கப்பல்களே அவற்றுள் மிகுதி. அன்றுதான் இஸ்ரயேலுக்கும் அரபு நாடுகளுக்கும் ஆறு நாள் போர் மூண்டது. மாலுமிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போர் விமானங்கள் தாழப் பறந்து சென்றன. கப்பல்களைக் கசப்பு ஏரியிலேயே நிற்கச் சொன்னார்கள். கால்வாயின் இருமுனைகளிலும் எகிப்து கப்பல்களை மூழ்கடித்து வழியை அடைத்தது. போர் ஆறு நாளில் ஓய்ந்தது. ஆனால் கால்வாயின் கிழக்குக் கரை இஸ்ரயேலிடமும் மேற்குக் கரை எகிப்திடமும் இருந்தன. இடையிலிருந்த நீரில் பதினான்கு கப்பல்கள் அகப்பட்டுக்கொண்டன. பதினைந்தாவதாக ஓர் அமெரிக்கக் கப்பல் வடக்கே திம்சா ஏரியில் தனித்து நின்றது.

அந்தப் பதினான்கும் எட்டு நாடுகளுக்கு உரியவை. பிரிட்டனுக்கு நான்கு, மேற்கு ஜெர்மனி, சுவீடன், போலந்து ஆகியவற்றுக்கு இரண்டிரண்டு, பிரான்சு, அமெரிக்கா, பல்கேரியா, செக்கோஸ்லோவாக்கியா ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று. அது பனிப்போரின் கடுமையான காலம். தம் நாட்டில் இருந்திருந்தால் ஒருவரோடொருவர் பேசியிருக்கவே முடியாத மனிதர்கள் அங்கே அண்டை வீட்டார் ஆயினர். அவ்வாண்டு அக்டோபரில் 'பெருங் கசப்பு ஏரிச் சங்கம்' என்று தமக்கொரு சங்கம் அமைத்துக்கொண்டனர். கப்பல்களை ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டினர். பல்கேரியக் கப்பலில் திரைப்படம். சுவீடன் கப்பலொன்றில் நீச்சல். பெரிய பிரிட்டானியக் கப்பலின் மேல்தளத்தில் கால்பந்து. 'நோர்ட்விண்ட்' என்னும் ஜெர்மானியக் கப்பலில் ஞாயிறு வழிபாடு. உயிர்காப்புப் படகுகளுக்குப் பாய் கட்டிப் பந்தயம் விட்டனர். 1968இல் மெக்சிகோவில் ஒலிம்பிக் நடந்தபோது இவர்களும் தமக்கென ஒரு சிறிய ஒலிம்பிக் நடத்தினர். போலந்து மாலுமிகள் அதில் முதலிடம் பெற்றனர். கையாலேயே வரைந்து அச்சிட்ட தபால் தலைகளை ஒட்டி அவர்கள் அனுப்பிய கடிதங்கள் உலகெங்கும் போய்ச் சேர்ந்தன. அத்தலைகளைத் திரட்டுவோர் இன்றும் உள்ளனர்.

இதனை இனிய கதையாகச் சொல்வதே வழக்கமாகிவிட்டது. நாமும் இப்போது அவ்வாறுதான் சொல்லிவிட்டோம். பாலைவன மணல் நாள்தோறும் காற்றில் வந்து கப்பல்களின் மேல் படிந்ததால் அவற்றுக்கு 'மஞ்சள் கப்பற்படை' என்ற பெயர் வந்தது. அம்மணலை நாள்தோறும் பெருக்கித் தள்ளியவர்களின் மனநிலையை அப்பெயர் சொல்வதில்லை. இருகரைகளிலும் படைகள் நின்றன. தலைக்குமேல் குண்டுகள் பறந்த நாள்களும் உண்டு. சில காலத்திற்குப் பின் கப்பல் நிறுவனங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை ஆள்களை மாற்றத் தொடங்கின. 1969இல் கப்பல்களைத் தொகுதிகளாகச் சேர்த்து ஆள் எண்ணிக்கையைக் குறைத்தனர். 1973ஆம் ஆண்டுப் போரில் 'ஆப்பிரிக்கன் கிளென்' என்னும் அமெரிக்கக் கப்பல் ஏவுகணை தாக்கி அங்கேயே மூழ்கியது. கால்வாயிலிருந்த வெடிகளையும் மூழ்கிய கலங்களையும் அகற்ற ஓராண்டுக்கு மேலாயிற்று. 1975 மே 24ஆம் நாள் 'மூன்ஸ்டர்லாண்ட்', 'நோர்ட்விண்ட்' என்னும் இரு ஜெர்மானியக் கப்பல்கள் ஹாம்பர்க் துறைமுகத்தை அடைந்தபோது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் கரையில் கூடி ஆரவாரித்தனர். சிக்கிய கப்பல்களுள் தம் சொந்த இயந்திரத்தின் வலிமையால் வீடு திரும்பியவை இவ்விரண்டே. மூன்ஸ்டர்லாண்ட் ஆஸ்திரேலியாவுக்குச் சென்று திரும்பிய அந்த ஒரு பயணத்திற்கு 8 ஆண்டு, 3 மாதம், 5 நாள் ஆயிற்று. சரக்குத் தாமதத்தின் வரலாற்றில் இதனை மிஞ்சும் கணக்கு இருக்குமென்று நாம் கருதவில்லை.

அந்த எட்டாண்டும் ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே ஓடிய கப்பல்கள் யாவும் வாஸ்கோ ட காமாவின் பழைய வழிக்கே திரும்பின. லண்டனுக்கும் மும்பைக்கும் இடையே சூயசு மிச்சப்படுத்திக் கொடுத்திருந்த நான்காயிரத்துக்கும் மேற்பட்ட கடல் மைல்களை மீண்டும் சுற்ற வேண்டியதாயிற்று. அந்நாளில் ஐரோப்பாவிலிருந்து ஓர் இயந்திரத்தை வரவழைத்த எவரும், நன்னம்பிக்கை முனை என்ற பெயரைப் பள்ளிப் பாடத்திற்கு வெளியேயும் கேட்டிருப்பர்.

நிற்க. சரக்கு தாமதமானால், அல்லது அழிந்தால், இழப்பு யாருடையது? இந்த வினாவுக்கு மனித இனம் மிகப் பழங்காலத்திலேயே விடை கண்டுவிட்டது. புயலில் கப்பலைக் காக்கும்பொருட்டுச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், பிழைத்த சரக்கின் உரிமையாளர் அனைவரும் அந்த இழப்பைத் தத்தம் பங்குக்கேற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது ரோடு தீவின் கடல் வழக்கு. உரோமையர் அதனை ஏற்றனர். ஆறாம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தீனியன் தொகுப்பித்த சட்டத் திரட்டில் அது இடம்பெற்றது. 'ஜெனரல் ஆவரேஜ்' என்ற பெயரில் அது இன்றும் வாழ்கிறது. 1890இல் யார்க்-ஆண்ட்வெர்ப் விதிகளாக வகுக்கப்பட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்தப்பட்டது. பள்ளியில் நாம் சராசரிக்குச் சொல்லும் 'ஆவரேஜ்' என்ற ஆங்கிலச் சொல்லே, சேதமுற்ற சரக்கைக் குறித்த அராபியச் சொல்லின் வழிவந்தது என்பர் மொழியறிஞர். எவர் கிவனின் உரிமையாளரும் 2021 ஏப்ரலில் இவ்விதியைத்தான் அறிவித்தார். கப்பலை மீட்ட செலவில் தத்தம் பங்குக்குப் பிணையம் தந்த பிறகே சரக்குடையவர்கள் தம் பெட்டகத்தைப் பெற முடியும் என்பது அதன் பொருள். நூறு நாள் தாமதித்து வந்த பொருளுக்கு, அதை மீட்டதற்கான பங்கையும் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும்!

கடல் வழியே வரும் சரக்குக்காகக் காத்திருக்கும் மக்களின் பொறுமையின்மையும் இதேயளவு பழமையானது. உரோமை நகரம் எகிப்திலிருந்து வந்த கோதுமையை உண்டு வாழ்ந்தது. கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிளாவுதியு பேரரசரின் காலத்தில் தானியத் தட்டுப்பாடு வந்தபோது, மக்கள் அவரை மன்றத்திலேயே மறித்து வசைமொழிகளையும் ரொட்டித் துண்டுகளையும் வீசினர் என்றும், அவர் பின்வாயில் வழியே அரண்மனைக்குள் தப்பினார் என்றும் சுவெத்தோனியு எழுதுகிறார். அதன் பின்னரே குளிர்காலத்திலும் கப்பல்கள் ஓடவேண்டும் என்பதற்காக, புயலில் நேரும் இழப்பைத் தாமே ஏற்பதாக அவர் வணிகர்களுக்கு உறுதியளித்தார். நம் தூத்துக்குடித் தோணிகள் தென்மேற்குப் பருவக்காற்று மிகுந்த மாதங்களில் ஓடுவதில்லை. அதுபோலவே மத்தியதரைக் கடலில் குளிர்காலம் கப்பல்கள் கரையில் ஓய்ந்திருக்கும் காலம். அந்த வழக்கத்தை மாற்றியது பசி என்றும் சொல்லலாம், அவசரம் என்றும் சொல்லலாம்.

அடுத்த சில ஆண்டுகளில் அதே எகிப்திய வழியில் சென்ற தானியக் கப்பல் ஒன்றின் கதை நமக்கு நன்கு தெரியும். திருத்தூதர் பணிகள் நூலின் 27ஆம் அதிகாரம் அதனைச் சொல்கிறது. நம் முன்னோர் சின்னப்பர் என்றழைத்த புனித பவுல் கைதியாக ஏறிய அலெக்சாந்திரியக் கப்பல் அது. நோன்பு நாளும் கடந்துவிட்டது. இனிப் பயணம் சரக்குக்கும் கப்பலுக்கும் மட்டுமன்றி உயிருக்கும் கேடு என்று அவர் சொன்னார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியின் சொல்லையும் கப்பலின் உரிமையாளர் சொல்லையுமே நம்பினார். வேறொரு துறைமுகம் குளிர்காலம் தங்குவதற்கு வசதியானது என்பது அவர்கள் எண்ணம். புயல் பிடித்துக்கொண்டது. முதலில் சரக்கை எறிந்தனர். பின்னர்க் கப்பலின் கருவிகளை எறிந்தனர். இறுதியில் கோதுமையையும் கடலில் கொட்டினர். மாலுமிகள் சிறுபடகில் தப்பிச் செல்ல முயன்றதையும் நூலாசிரியர் மறைக்கவில்லை. கப்பல் உடைந்தது. அதிலிருந்த 276 பேரும் மால்தாவில் கரையேறி மூன்று மாதம் காத்திருந்தனர். இக்கதையைப் பலமுறை வாசித்திருக்கும் நாம் ஒன்றைக் கவனிக்கத் தவறியிருக்கக்கூடும்: அந்த நூல் சரக்கின் அளவைச் சொல்லவில்லை, மனிதர்களைத்தான் தலைதலையாக எண்ணிச் சொல்கிறது.

கடற்சட்டம் அவ்வாறு எண்ணத் தொடங்கியது மிகப் பிந்தித்தான். சரக்கிழப்பைப் பகிரும் விதி உரோமையருக்கே பழையதாயிருக்க, நிறுவனத்தால் கைவிடப்பட்ட மாலுமிக்கு உலகளாவிய பாதுகாப்பு வேண்டும் என்பது நம் காலத்திலேயே எழுத்தில் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கடற்பணியாளர் ஒப்பந்தம் 2006இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2015இல் அதனை ஏற்றது. இரண்டு மாத ஊதியம் தராமலோ, ஊருக்கு அனுப்பாமலோ, உணவும் நீரும் எரிபொருளும் தராமலோ விடப்பட்ட மாலுமி 'கைவிடப்பட்டவர்' என்றும், அவருக்காக உரிமையாளர் முன்கூட்டியே நிதிப் பிணையம் வைத்திருக்க வேண்டும் என்றும் சொல்லும் திருத்தம் 2017 சனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

எழுத்தில் வருவது ஒன்று, கடலில் நடப்பது வேறு. அதே 2017 சூலையில், சூயசுக் கால்வாயின் தென்முனைக்கு அருகே 'அமான்' என்னும் சிறு சரக்குக் கப்பல் தடுத்து நிறுத்தப்பட்டது. அதன் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியாகியிருந்தன. எரிபொருளுக்குப் பணம் கட்டப்படவில்லை. கப்பல் விற்கப்படும் வரையோ கடன் தீர்க்கப்படும் வரையோ அதற்கு ஒரு சட்டக் காவலர் வேண்டும் என்று நீதிமன்றம் கருதியது. தலைவர் கரையில் இருந்ததால், சிரியா நாட்டைச் சேர்ந்த முதன்மை அலுவலரைக் காவலராக நியமித்தது. தம் பெயரில் வந்த தாளில் கையொப்பமிட்டபோது அதன் பொருள் அவருக்கு முழுதும் விளங்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஊர் சென்றனர். அவர் மட்டும் நின்றார். அவர் தாய் ஊரில் இறந்தார், போக முடியவில்லை. கப்பலில் மின்சாரம் அற்றுப்போயிற்று. இரவு கல்லறைபோல் இருந்தது என்று பின்னர்ச் செய்தியாளரிடம் சொன்னார். 2020இல் ஒரு புயல் நங்கூரத்தைப் பிடுங்கிக் கப்பலைக் கரைக்கு அருகே கொண்டுபோய்த் தட்டவைத்தது. அதன் பின்னர் அவர் சில நாள்களுக்கு ஒருமுறை கரைக்கு நீந்திச் சென்று உணவு வாங்கி, கைப்பேசிக்கு மின்னூட்டி, மீண்டும் நீந்தித் திரும்பினார். கால்வாய்க்குள் செல்லும் கப்பல்களை அவர் நாள்தோறும் பார்த்தார். அவற்றுள் ஒன்றில் அவருடைய சகோதரர் மாலுமி. அக்கப்பல் சிலமுறை அவ்வழியே சென்றபோது இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டனர். கையசைத்தால் தெரியாத தொலைவு.

2021 மார்ச்சில் எவர் கிவன் குறுக்கே நின்று உலகின் கண்களெல்லாம் சூயசின்மேல் பதிந்தபோதும் அந்த மனிதர் அதே கடற்பகுதியில், அதே கப்பலில் தனியே இருந்தார். ஏறத்தாழ நான்கு ஆண்டுக்குப் பின், ஏப்ரல் மாதம், பன்னாட்டுப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு தன் எகிப்தியப் பிரதிநிதி ஒருவரைச் சட்டக் காவலராக முன்னிறுத்திய பிறகு அவர் ஊர் திரும்பினார்.

அவர் விடுதலை பெற்ற அதே ஏப்ரலில் எவர் கிவன் தடுத்துவைக்கப்பட்டது. கால்வாய் ஆணையம் முதலில் கேட்ட இழப்பீடு 91 கோடியே 60 இலட்சம் டாலர்; பின்னர் அது 55 கோடியாகக் குறைக்கப்பட்டது. இறுதியில் இசைந்த தொகை வெளியிடப்படவில்லை. உரிமையாளர் சப்பானியர், இயக்கும் நிறுவனம் தைவானுடையது, கொடி பனாமாவுடையது, மேலாண்மை செய்தது ஒரு ஜெர்மானிய நிறுவனம். கப்பலில் இருந்த 25 பேரும் இந்தியர். வழக்கில் வாதிட்டவர் எவரும் ஏரியில் இல்லை. ஏரியில் இருந்தவர்களுள் எவரும் வழக்கில் தரப்பினர் அல்லர். சம்பளமும் உணவும் அவர்களுக்குக் கிடைத்தன என்பதையும், அவசரக் காரணமுள்ள சிலர் ஊர் திரும்ப அனுமதிக்கப்பட்டனர் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமான் கப்பலின் கதையோடு இதனை ஒப்பிடுவது நேர்மையன்று. ஆனால் மற்றவர்கள் நீதிமன்றம் தள்ளிவைத்த ஒவ்வொரு நாளையும் கப்பலின் தளத்தில்தான் எண்ணினர். அது இந்தியாவில் பெருந்தொற்றின் இரண்டாம் அலை மிகக் கொடிதாக இருந்த காலம். ஊரிலிருந்து என்ன செய்தி வருமோ என்று அஞ்சாத குடும்பம் அன்று நம் நாட்டில் இருந்ததா?

தூத்துக்குடியிலும் குமரிக் கடற்கரையிலும் உள்ள பங்குகளில், வணிகக் கப்பலில் வேலைக்குச் சென்ற மகனுக்காகச் செபிக்கச் சொல்லும் தாய்மார்கள் புதியவர்கள் அல்லர். ஒப்பந்தம் முடிந்தும் கரையிறங்க முடியாமல் 2020இன் இறுதியில் உலகெங்கும் ஏறக்குறைய நான்கு இலட்சம் மாலுமிகள் கப்பல்களிலேயே இருந்தனர் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. துறைமுகங்கள் சரக்கை இறக்க அனுமதித்தன. மனிதரை இறங்க அனுமதிக்கவில்லை. நோய் பரவும் என்ற அச்சம் பொய்யன்று. ஆயினும் பெட்டகத்தைத் தொடலாம், அதைக் கொண்டுவந்தவரைத் தொடக்கூடாது என்ற ஏற்பாடு அத்தனை எளிதாக எல்லா நாடுகளுக்கும் உடன்பாடானது எண்ணத்தக்கது.

அந்நாள்களில் கப்பலின் ஏணியடிவரை சென்று, தொலைபேசி அட்டையும் மருந்தும் இனிப்பும் வைத்துவிட்டுத் திரும்பியவர்களுள் 'ஸ்டெல்லா மாரிஸ்' பணியாளர்களும் இருந்தனர். 1920இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பொதுநிலையினர் சிலரின் முயற்சியால் தொடங்கிய இப்பணி, 1997இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட மடலால் புதிய ஒழுங்கு பெற்றது. சூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு 'கடல் ஞாயிறு' என்று கொண்டாடப்படுவதைக் கடற்கரையில் இருப்போர் அறிவர். உள்நாட்டுப் பங்குகளில் அது பெரும்பாலும் கவனிக்கப்படாமலே கடந்துபோகிறது. கடலைப் பாராதவர்கள் வீட்டிலும் கடல்வழி வந்த பொருள்கள்தாம் நிறைந்திருக்கின்றன என்பதால் இதனை இங்கே குறிப்பிடுகிறோம்.

இரண்டாண்டு கழித்து அதே வழியில் மீண்டும் தடை வந்தது. 2023 நவம்பர் 19ஆம் நாள் செங்கடலில் 'கேலக்சி லீடர்' என்னும் கார் ஏற்றிச் செல்லும் கப்பலை ஏமனின் ஹூதிப் படையினர் கைப்பற்றினர். அடுத்தடுத்துத் தாக்குதல்கள் நடக்கவே, பெரிய கப்பல் நிறுவனங்கள் சூயசை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. ஆசியாவிலிருந்து ஐரோப்பா செல்லும் சரக்குக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம்வரை கூடுதலாயிற்று. கட்டணம் பலமடங்கு உயர்ந்தது. 2024 மார்ச்சில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' என்னும் கப்பல் தாக்கப்பட்டு மூன்று மாலுமிகள் இறந்தனர். இருவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர், ஒருவர் வியட்நாம் நாட்டவர். கேலக்சி லீடரில் பிடிபட்டவர்களும் 25 பேர்தான். பதினான்கு மாதம் கழித்து, 2025 சனவரி 22ஆம் நாள் அவர்கள் விடுவிக்கப்பட்டனர்.

எவர் கிவன் 2021 சூலை 7ஆம் நாள் கசப்பு ஏரியிலிருந்து நங்கூரம் தூக்கியது. அம்மாதம் 29ஆம் நாள் ராட்டர்டாம் சேர்ந்தது. ஆகஸ்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிலிக்ஸ்டோ துறைமுகத்தில் எஞ்சிய பெட்டகங்களை இறக்கியது. அவற்றுக்காக மார்ச் மாதம் முதல் காத்திருந்தவர்கள் பிணையப் பத்திரங்களைக் காட்டித் தம் சரக்கைப் பெற்றனர். கப்பல் மீண்டும் சீனம் நோக்கித் திரும்பி, ஆகஸ்டு 20ஆம் நாள் சூயசுக் கால்வாய்க்குள் நுழைந்தது. கசப்பு ஏரியில் நிற்காமல் கடந்து சென்றது.